மிச்சமான இருபது

விடியற்காலையில் இறந்துபோன ஒருவரின் நெஞ்சுக்குள் பகல் பன்னிரண்டே முக்காலுக்கும் துடிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டயபுரம் பக்கத்து எரிமேடையிலிருந்து மாடசாமி என்ற ஊழியர் இதைப் போனில் சொன்னார். பாளையங்கோட்டைக் கண்காணிப்பு நிலையத்தில் அழைப்பை எடுத்தவர் பிச்சையா. முப்பது வருடம் தொலைபேசித் துறையில் இருந்துவிட்டு ஓய்வுக்குப் பின் இங்கே சேர்ந்தவர். எந்தக் குரலையும் பதறாமல் கேட்டுப் பழகிய காது அவருடையது. மாடசாமி சொன்ன விவரம் இதுதான்: உடலைக் கிடத்தியதும் விதிப்படி சோதனைக் கருவியை நெஞ்சின் மேல் வைத்தார். மஞ்சள் விளக்கு எரிந்திருக்க வேண்டும். பச்சை எரிந்தது. உள்ளே ஒவ்வொரு துடிப்புக்கும் கருவி ‘டிக், டிக்’ என்றது. அதைக் கேட்ட மூத்த மகள், அப்பா சாகவில்லை என்று உடலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களில் பாதிப் பேர் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். பிணத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம் என்று பேச்சு நடக்கிறது.

அந்த வருடங்களில் தென்மாவட்டங்களில் ஊருக்குப் பத்துப் பேர் நெஞ்சிலாவது துடிப்பி இருந்தது. இதயம் தடுமாறும்போது தட்டிக்கொடுத்து ஓடவைக்கிற, புளியங்கொட்டை அளவுக் கருவி. அரசே இலவசமாகப் பொருத்தியது. அதில் ஒரே ஒரு சிக்கல், நெருப்பு. மின்கலத்தில் சக்தி இருக்கும்போது எரித்தால் வெடித்துவிடும். அதனால் துடிப்பி உள்ளவர் இறந்தால், எரிப்பதற்கு முன் நிலையத்துக்குப் போன் செய்து எண்ணைச் சொல்ல வேண்டும். நிலையத்தில் கணினியில் ‘நிறுத்து’ என்று அடித்து, பக்கத்தில் அந்த எண்ணை அடிப்பார்கள். கட்டளை போனதும் சோதனைக் கருவியின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகும்; துடிப்பி ஆறு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சக்தியை வடித்துவிட்டு அடங்கிவிடும். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரான இந்தப் பெரியவருக்கு அன்று காலை ஒன்பது பத்துக்குக் கட்டளையை அடித்தவர் பிச்சையாதான்.

அவர் மாடசாமியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எண்ணை ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டு மறுபடி அடித்தார். 447120. அடுத்த நொடியே அந்தப் பக்கம் விளக்கு மஞ்சளானது. மருத்துவரை வரவழைத்து மகளுக்கு விளக்கம் சொல்லுங்கள், மாலை ஏழு மணிக்கு மேல் எரியூட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அத்தோடு அந்த வேலை முடிந்தது.

ஆனால் பிச்சையா எழுந்துகொள்ளவில்லை. காலையில் தான் அடித்த வரியைத் திரையில் தேடி எடுத்துப் பார்த்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, நிலையத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரான செண்பகவல்லியின் அறைக்குப் போனார்.

செண்பகவல்லி அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருந்தாள். முப்பத்திநான்கு வயது. படித்து முடித்ததும் இந்த நிலையத்தில் சேர்ந்தவள். நிலையத்துக் கணினி நிரல்களில் பாதி அவள் எழுதியவை.

“மேடம், காலையில நான் ஒரு ஆளை நிறுத்தினேன்,” என்றார் பிச்சையா. “அந்த ஆளு நிக்கல. அப்ப நின்னது யாரு?”

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

நிறுத்து 4471 20

கீழே கணினி தந்த பதிலையும் எழுதியிருந்தார்: 4471 நிறுத்தப்பட்டது.

அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது.

போனில் எண்ணைப் படித்த பஞ்சாயத்து எழுத்தர், “நாப்பத்திநாலு எழுபத்தொண்ணு” என்று சொல்லி மூச்சு வாங்கிவிட்டு, “இருபது” என்றாராம். கேட்டபடியே பிச்சையாவின் விரல் நடுவில் ஒரு இடைவெளியைத் தட்டியிருக்கிறது. மனிதக் கண்ணுக்கு அது ஒரே எண்தான். கணினிக்கு அப்படியில்லை. இடைவெளி வந்தால் அதற்கு முந்தியது ஒரு சொல், பிந்தியது வேறொரு சொல்.

“சரி, ரெண்டு சொல்லாவே இருக்கட்டும். ஒண்ணைக் கேக்குத எடத்துல ரெண்டு வந்திருக்கு. இந்த இருபது எதுக்குன்னு அது என்கிட்ட திருப்பிக் கேட்டிருக்கணும்லா?” என்றார் பிச்சையா.

“முன்னால கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு அண்ணாச்சி,” என்றாள் செண்பகவல்லி. “கேக்காதன்னு நான்தான் சொன்னேன்.”

ஆறு வருடத்துக்கு முந்தைய கதை அது. நிறுத்து என்ற அந்தச் சிறிய நிரலை அவள் முதலில் எழுதியபோது, எண்ணைத் தவிர ஒரு எழுத்து கூடுதலாக வந்தாலும் அது வேலை செய்ய மறுத்துவிடும். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஞாபகத்துக்காக எண்ணுக்குப் பக்கத்தில் இறந்தவரின் பெயரையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிரல் ஒவ்வொரு முறையும் மறுத்தது. எரிமேடையில் பிணம் காத்திருக்கும்போது மிசின் முரண்டு பிடிக்கிறது என்று சென்னை வரை புகார் போனது. மேலிடம் சரிசெய்யச் சொன்னது. அவள் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். முதல் சொல்லை எடுத்துக்கொள், மிச்சத்தைக் கண்டுகொள்ளாதே. அன்று எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். அல்வா வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆறு இலக்க எண்கள் பிற்பாடு வந்தவை. தொடக்க காலத்தில், சோதனை முயற்சியாகப் பொருத்திய சில ஆயிரம் துடிப்பிகளுக்கு நான்கு இலக்கம்தான். அவற்றில் 4471 இருந்தது. அவள் பதிவேட்டைத் திறந்தாள்.

ரா. காந்திமதி. பிறவியிலேயே இதய மின்னோட்டத் தடை. பதினேழு வயதில் பொருத்தியது, இப்போது இருபத்தேழு வயது. துடிப்பி இல்லாமல் அவள் இதயம் நிமிடத்துக்கு முப்பது முறைகூட அடிக்காது. தொடர்புக்கு: தாயார் சங்கரவடிவு, ஆலங்குளம்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இன்னொரு வரியும் சேர்ந்திருந்தது. நிலை: இறந்தவர். நாள்: இன்று. நேரம்: காலை 9.10.

“திருப்பி ஓட விட முடியாதா?” என்று பிச்சையா கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. நிறுத்தச் சொன்ன கணமே துடிப்பி காதை அடைத்துக்கொள்ளும். இறந்த உடம்பிலிருக்கும் கருவியோடு வெளியாட்கள் விளையாடிவிடக் கூடாதென்று அப்படி அமைத்திருந்தார்கள். அதன்பின் அதை எழுப்ப ஒரே வழி, எழுப்புகோல் என்ற கைக்கருவியை நெஞ்சில் தொட்டுவைப்பது. பக்கத்தில் இருப்பவை இரண்டே கோல்கள். ஒன்று தென்காசி மருத்துவமனையில் இருந்தது, போன வாரம்தான் பழுது பார்க்கப் போயிருந்தது. மற்றது செண்பகவல்லியின் அலமாரியில்.

மூன்று பத்துக்குத் துடிப்பி முழுதாக அடங்கும். அதற்கு முன்பே, தட்டுகிற சக்தி குறையக் குறைய, ஏதோ ஒரு நேரத்தில் இதயம் அந்தத் தட்டலை உணராமல் போகும். அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. மணி ஒன்று.

அவள் முதலில் சென்னையிலிருக்கும் மண்டல இயக்குநர் தியாகராஜனுக்குத் தகவல் சொன்னாள். அவர் கோலை எடுத்துக்கொண்டு உடனே போகச் சொன்னார். கூடவே, வீட்டாரிடம் வழக்கமான பரிசோதனை என்று மட்டும் சொல்ல வேண்டும், தவறு நடந்தது என்ற வார்த்தை நிலையத்திலிருந்து யார் வாயிலும் வரக்கூடாது, ஊருக்குத் தெரிந்தால் நாளைக் காலையில் லட்சம் பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் செண்பகவல்லிக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்தது தாயார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். காந்திமதியின் துடிப்பியைப் பரிசோதிக்க வேண்டும், அவர் எங்கே இருக்கிறார் என்று செண்பகவல்லி கேட்டாள்.

“அப்படி யாரும் இங்க கிடையாது. நம்பர் மாறிப் போட்டுட்டிய,” என்றாள் சங்கரவடிவு. வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை.

செண்பகவல்லி பதிவேட்டை இன்னொரு முறை பார்த்தாள். காந்திமதியின் வருடாந்திரப் பரிசோதனைகள் எல்லாம் ஆடி மாதத்தில் நடந்திருந்தன. திருமணத்துக்குப் பிறகு ஒருமுறைகூடக் கணவர் வரவில்லை. தாய் மட்டுமே கூட்டி வந்திருக்கிறாள். ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வரும் மகள், யாருக்கும் தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். கட்டிக்கொடுத்த இடத்தில் இதைச் சொல்லவில்லை. இப்படி மறைத்து வாழும் பெண்கள் எத்தனையோ பேரை அந்த நிலையம் பார்த்திருந்தது.

அவள் கோலை எடுத்துக்கொண்டு அலுவலகக் காரை எடுத்தாள். பிச்சையா தன் இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டு வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். தென்காசிச் சாலையில் கார் போகப் போக, அவர் சங்கரவடிவின் எண்ணை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். மாறாந்தை தாண்டும்போது பதினேழாவது முறை. அப்போதுதான் அவள் எடுத்தாள். திட்ட ஆரம்பித்தாள். பிச்சையா போனைச் செண்பகவல்லியின் காதோரம் பிடித்தார்.

இயக்குநர் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவில்தான் இருந்தது. ஆனால் பரிசோதனை என்ற சொல்லுக்கு இந்தத் தாய் கதவைத் திறக்கமாட்டாள்.

“அம்மா, நான் துடிப்பி ஆபீஸ்ல இருந்து பேசுதேன். எங்க தப்பால உங்க மகளோட துடிப்பி நின்னுக்கிட்டு இருக்கு. எழுதின தப்பு என்னோடது. மூணு மணிக்குள்ள நான் அவளைத் தொடணும். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.”

பின்னணியில் ஏதோ பாத்திரம் உருண்டது.

“அந்த வீட்டுல தெரியாதும்மா,” என்றாள் சங்கரவடிவு. குரல் முற்றிலும் மாறியிருந்தது. “ரவிக்கை கழுத்தைத் தூக்கித் தச்சு, தழும்பு வெளிய தெரியாம நாலு வருசமா ஓட்டிட்டா. புருசங்கிட்ட சின்ன வயசுல மாடு முட்டுனதுன்னு சொல்லியிருக்கா. இப்ப தெரிஞ்சா கொண்டாந்து எங்க வீட்டுல விட்டுருவாவ.”

சுரண்டை, மிளகாய் வத்தல் மண்டிக்குப் பின் தெரு என்று முகவரி சொன்னாள். மகளின் கைபேசி எண்ணையும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவங்களுக்குத் தெரியாமல் செய்ய முடியுமா என்று இரண்டு முறை கேட்டாள். முயற்சி செய்கிறேன் என்று மட்டும் செண்பகவல்லி சொன்னாள்.

மணி ஒன்று ஐம்பது. சுரண்டைக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிச்சையா ஆம்புலன்ஸுக்குப் பேசினார். சுரண்டை வண்டி குற்றாலம் சாலையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. தென்காசியிலிருந்து வேறு வண்டி கிளம்பும், நேரம் ஆகும் என்றார்கள். இந்த நேரத்தில் கணவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் அவளைப் படுக்கவைத்து யாராவது பக்கத்தில் இருப்பார்கள். சொன்னால் தாய் பயந்ததெல்லாம் நடக்கும். சொல்லாவிட்டால், ஒருவேளை, சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் காரை விரட்டினாள். முடிவெடுக்காமலே ஆறு கிலோமீட்டர் போய்விட்டாள். அந்த ஆறு கிலோமீட்டரை அவள் பிற்பாடு பல வருடம் நினைத்துப் பார்த்தாள்.

கடைசியில் காந்திமதியின் எண்ணை அழைக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணே எடுத்தாள். விவரத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். மத்தியானத்திலிருந்து தலை கிறுகிறுக்கிறது, வெயில் என்றுதான் நினைத்தேன் என்றாள். வீட்டில் விருந்தாள்கள் இருக்கிறார்கள், நாத்தனாரைக் கல்யாணத்துக்கு நிச்சயித்துப் பூ முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள், இப்போது யாரும் வரவேண்டாம், சாயங்காலம் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு நானே தென்காசிக்கு வந்துவிடுகிறேன் என்று தணிந்த குரலில் கெஞ்சினாள்.

“காந்திமதி, சாயங்காலம் கிடையாது. இப்ப எங்க நிக்க?”

“மாடியில. படிக்கட்டுக்கிட்ட.”

“அப்படியே தரையில உக்காரு. எறங்காத.”

“சரிக்கா,” என்றாள். அதற்குப் பிறகு போன் எதிலோ மோதி உருளும் சத்தம் கேட்டது. பெயரைச் சொல்லி எத்தனை முறை அழைத்தும் பதில் இல்லை. கீழேயிருந்து பேச்சுக்குரலும் சிரிப்பும் மெல்லியதாகக் கேட்டன. அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. செண்பகவல்லி வண்டியை ஓட்டிக்கொண்டே வாய்விட்டுக் கத்தினாள். பிச்சையாவும் கத்தினார். தரையில் உருண்டு கிடந்த போனிலிருந்து அந்தக் கத்தல் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும். இரண்டு நிமிடம் போனது. பிறகு மாடிப்படி ஏறும் காலடி. ஒரு வயதான குரல் மருமகளின் பெயரைச் சொல்லிப் பதறியது. அப்புறம் போனை எடுத்தது.

“யாரு பேசுதது? இவ விழுந்து கெடக்கா.”

அது மாமியார் வேலம்மாள். இனி ஒளிக்க எதுவும் இல்லை.

“அம்மா, நான் சொல்லுதத நல்லாக் கேளுங்க. உங்க மருமக நெஞ்சுல துடிப்பி இருக்கு. அது நிக்கப் போவுது. சரிபண்ணுத கருவி என் கையில இருக்கு. நான் வந்துசேர அரை மணி நேரம் ஆகும்.”

“இவ நெஞ்சுலயா?”

“ஆமா.”

“எப்பம் இருந்து?”

“பத்து வருசமா.”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சில் கல்யாணத்துக்கு முந்தைய பேச்சுவார்த்தை, பொருத்தம் பார்த்தது, வைத்தியர் வேண்டாம் என்று மருமகள் ஒவ்வொரு முறையும் சொன்னது எல்லாம் கடந்துபோயிருக்க வேண்டும். வேலம்மாள் அதில் எதையும் கேட்கவில்லை.

“நான் என்ன செய்யணும்?” என்றாள்.

மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொரு உள்ளங்கையை வைத்து, பலமாக அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும், விலா எலும்பு நொறுங்கினாலும் நிறுத்தக் கூடாது என்று செண்பகவல்லி சொல்லிக்கொடுத்தாள். போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னாள். பிச்சையா எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. முப்பதுவரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தப் பக்கம் ஒரு முக்கல் கேட்டது. மேலே ஆட்கள் ஓடிவரும் சத்தம், அழுகை, யாரோ தண்ணீர் தெளிக்கச் சொல்வது, தள்ளிப்போங்க என்று வேலம்மாள் அதட்டுவது எல்லாம் கேட்டன. நான் செய்கிறேன் என்று ஒரு ஆண் குரல் வந்தது. அது கணவன் சுடலைமுத்து. கொஞ்ச நேரம் அவன் அமுக்கினான். அவன் அழுது கணக்கைத் தப்பவிட்டபோது கிழவி அவனை விலக்கிவிட்டுத் தானே தொடர்ந்தாள். துடிப்பியும் இடையிடையே ஒரு தட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சில சமயம் காந்திமதி முனகினாள் என்று சொன்னார்கள். சில சமயம் உதடு நீலமாகிவிட்டது என்றார்கள்.

பிச்சையா இருபத்தாறு நிமிடம் எண்ணினார். ஊருக்குள் நுழையும்போது அவர் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது.

கீழே பூவும் பழமும் வைத்த தாம்பாளங்களுக்கு நடுவே வழிவிட்டார்கள். மாடியில் செண்பகவல்லி முழங்காலிட்டு, உயரமாகத் தைத்த ரவிக்கையின் கழுத்தைக் கத்தரியால் வெட்டினாள். அங்கே இருந்த எல்லாரும் அந்தத் தழும்பைப் பார்த்தார்கள். அவள் கோலைத் தொட்டுவைத்து விசையை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது முறை கோலின் நுனியில் பச்சை ஒளி வந்தது. காந்திமதியின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு அவள் மூச்சு இழுத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வேலம்மாளின் இரண்டு கைகளும், எண்ணுவது நின்ற பிறகும், மடிமேல் அமுங்கி எழுந்துகொண்டே இருந்தன.

தென்காசி மருத்துவமனையில் மாலையில் மருத்துவர் பிழைத்துக்கொண்டாள் என்று சொன்னார். மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. மூளைக்குப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. சங்கரவடிவு ஆலங்குளத்திலிருந்து வந்து சேர்ந்தாள். சம்பந்தியைப் பார்த்ததும் அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுடலைமுத்து எழுந்து வெளியே போய், மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

“முதல்லயே சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டோம்,” என்றாள் வேலம்மாள். “அது நிசம். அதை மாத்திச் சொல்லமாட்டேன். இப்பம் என்ன செய்யன்னு எனக்குத் தெரியல. என் கை வலிக்கி. நாளைக்குப் பேசுவோம்.”

நாத்தனாருக்குப் பூ முடிக்க வந்தவர்கள் அன்றே திரும்பிப் போய்விட்டார்கள் என்று செண்பகவல்லிக்குப் பிற்பாடு தெரிந்தது. காந்திமதி சுரண்டை வீட்டுக்குத் திரும்பியது இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரை ஆலங்குளத்தில் இருந்தாள்.

மறுநாள் காலை இயக்குநர் அனுப்பிய அறிக்கை தயாராக இருந்தது. கட்டளையைத் தட்டச்சு செய்த ஊழியரின் கவனக்குறைவு. பிச்சையா உடனடியாக வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறார். கீழே செண்பகவல்லி கையெழுத்திட வேண்டிய இடம். அவள் கையெழுத்திடவில்லை. தேவையற்ற சொல் வந்தால் கேள்வி கேட்காமல் விழுங்கும்படி நிரலை மாற்றியது தான்தான், யார் அடித்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்று தனியே எழுதி அனுப்பினாள். பிறகு அந்த வரியைத் திருத்தினாள். இனி எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி மிஞ்சினாலும் நிரல் நின்று, இது என்ன என்று கேட்கும்.

திருத்தி முடித்த பிறகும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை. பிச்சையாவின் விரல் மட்டும்தானா இடைவெளி தட்டியிருக்கும்?

நிலையத்தில் அடிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் பதிவில் இருந்தது. ஆறு வருடத்தில் கூடுதல் சொல்லோடு வந்த கட்டளைகளைத் தேடினாள். இரண்டாயிரத்துச் சொச்சம் வந்தன. பெரும்பாலும் பெயர்கள், ஆபத்தில்லாதவை. எண்ணுக்குப் பின்னால் வெறும் எண் மட்டுமே வந்த வரிகளைத் தனியே பிரித்தாள். காந்திமதியுடையதை விட்டால் திரையில் பதினொன்று நின்றன.

பதினொன்றிலும் ஒரே கதைதான். நான்கு இலக்கத் துடிப்பி ஒன்று நின்றிருக்கிறது. சில மணி நேரம் கழித்து, விளக்கு மஞ்சளாகவில்லை என்று எரிமேடையிலிருந்து மறுபடி அழைத்திருக்கிறார்கள். இங்கே முழு எண்ணையும் சேர்த்து மறுபடி அடித்திருக்கிறார்கள். மஞ்சளாகியிருக்கிறது. அத்தோடு விட்டுவிட்டார்கள். முதலில் போன கட்டளை எங்கே போனது என்று பதினொரு முறையும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பதினொரு பேருடைய பதிவேட்டிலும், கட்டளை போன நிமிடத்தையே இறந்த நேரமாகக் கணினி எழுதிவைத்திருந்தது. பிச்சையா ஒருவர்தான் எழுந்து வந்து கேட்டவர். அவர் அன்று காலையே தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

செண்பகவல்லி இயக்குநரிடம் பட்டியலைச் சொன்னாள். அதைத் தோண்ட வேண்டாம் என்றார் அவர். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் நடக்காது, அது போதும் என்றார். அவள் போனை வைத்தாள். பட்டியலில் முதலாக இருந்தவரின் வீட்டை அழைத்தாள்.

2163. மரிய அந்தோணி, கூட்டப்புளி. மூன்று வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐந்துக்கு நிறுத்தப்பட்டது. போனை எடுத்தது அவர் மனைவி. துடிப்பி நிலையத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் கணவர் காலமான அன்று என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று செண்பகவல்லி கேட்டாள்.

அந்த அம்மாள் நிதானமாகவே சொன்னாள். காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அசதியாக இருக்கிறது என்று படுத்தார். பேச்சு குழறியது. அவள் பயந்துபோய், மிசினில் ஏதாவது கோளாறோ என்று துடிப்பியோடு கொடுத்த அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மூன்று மணி இருக்கும்.

“ஒரு தம்பி எடுத்தாரு. நம்பரைச் சொன்னேன். கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, அவுக காலையில பத்து மணிக்கே இறந்துட்டாகம்மா, வருத்தப்படுதோம்னு சொன்னாரு,” என்றாள். “அவுக அப்பம் என் மடியிலதான் கெடந்தாக. என் கையைப் பிடிச்சிருந்தாக. ஆனா பெரிய எடத்துல இருந்து சொல்லுதாக, நமக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கல. சர்ச் சாமியாரைக் கூட்டிட்டு வரச் சொல்லி ஆள் விட்டேன்.”

அந்தப் பக்கம் கடல் காற்று போனில் இரைந்தது.

“இப்பம் எதுக்கும்மா இதைக் கேக்குதிய?” என்றாள் அந்த அம்மாள். “அன்னைக்கு நான் எதுவும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?”

“இல்லம்மா,” என்றாள் செண்பகவல்லி. “உங்களுக்குத்தான் சரியாத் தெரிஞ்சிருந்துச்சு.”